பதினோராம் நாள்: எல்லைப்புறத்தில் உழைப்பின் கணக்கு



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணன் மறைந்தபின் அவருடைய மஞ்சள் பையை வீட்டார் எங்களிடம் கொடுத்தார்கள். நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகும் பேருந்தில் அந்தப் பையில்லாமல் அவரைப் பார்த்தவர்கள் நம்மில் யாரும் இல்லை. உள்ளே, மேல்தாள் பிரிந்துபோன இரண்டு கம்பெனி அடையாள அட்டைகள் இருந்தன. பெங்களூரில் ஏதோ ஒரு கட்டடத்தில் வேலை பார்த்த நாள்களை மேஸ்திரி பென்சிலால் கோடு போட்டுக் குறித்த டைரிப் பக்கம் ஒன்று. ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று. மீதி எல்லாம் அடுத்தவர்களுடைய மனுக்களின் நகல்கள். இருபது ஆண்டுக்கு மேல் உழைத்த ஒரு மனிதருக்கு அவருடைய சொந்த உழைப்பின் சாட்சியாக மிஞ்சியது நாலு காகிதம்.

அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஓசூர்ப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் போனவை. வேலைக்குச் சேர்ந்து பதினோராம் நாள். கட்டுப் பிரிக்கும் முன்னமே காண்டிராக்டர் வந்து சொன்னானாம்: "இ.எஸ்.ஐ.-க்கு 78 நாள் வேணும்பா. உனக்குப் பதினோரு நாள்தான். ஒண்ணும் வராது." கையில் ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டான். அது பொய் என்று அண்ணனுக்குத் தெரிய நாலு ஆண்டு ஆனது. அதற்குள் காலம் கடந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் அவர் மற்றவர்களின் காகிதங்களைச் சுமக்கத் தொடங்கினார்.

அந்த ஒரு பொய்யின் வரலாற்றைத்தான் இன்று பேசப் போகிறோம். உடம்பு ஊனமானவனுக்கு அரசு எதையாவது தர வேண்டுமானால் அவன் எத்தனை நாள் உழைத்தான் என்று கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? அந்த நாள்களை எழுதி வைக்கும் பேனா யார் கையில் இருந்தது? சேரி மக்களின் உழைப்பு எந்தப் பதிவேட்டில் ஏறியது, எதில் ஏறவில்லை?

*

நம் எல்லையைத் தாண்டிப் போனால் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் (அன்றைக்கு நம் ஊர்களெல்லாம் சேலம் ஜில்லா) சித்தூர்ப் பக்கமிருந்தும் பறையர் குடும்பங்கள் பண்ணையடிமையிலிருந்து தப்பி அந்தக் குழிக்குள் இறங்கின. மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை வேர் பிடித்ததும், சாம்பியன் ரீஃபில் புத்தகசாலை வந்ததும் அந்த உழைப்புக் கூலியில்தான். இலக்கிய மன்றத்தில் அந்தப் பக்கத்தை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று பேச வேண்டியது வேறு.

1930 ஏப்ரலில் தங்கவயலில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வுக்காக அல்ல. தொழிலாளிகள் எல்லோருடைய கைரேகையையும் எடுத்துப் பதிவு செய்யப் போகிறோம் என்று நிர்வாகம் சொன்னது. ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளிகள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைக்கு இறங்கவில்லை. கடைசியில் நிர்வாகம்தான் பின்வாங்கியது.

ஏன் கைரேகைக்கு அத்தனை பயம்? இதை அறியாமை என்று எழுதியவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. ஒரு சுரங்கத்தில் விரட்டப்பட்டவன் பக்கத்துச் சுரங்கத்தில் வேறு பெயரில் சேரலாம். மேஸ்திரியோடு சண்டை போட்டவன் மறுபடி பிழைக்கலாம். ரேகை பதிந்துவிட்டால் அந்த வழி அடைபடும். அந்தப் பதிவேடு தொழிலாளியின் நன்மைக்காகத் திறக்கப்பட்டதல்ல, அவனைப் பிடித்து வைக்கத் திறக்கப்பட்டது என்பதை அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். பதிவில் இல்லாமல் இருப்பது அன்றைக்கு ஒரு பாதுகாப்பு.

பத்து ஆண்டில் நிலைமை தலைகீழானது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இளம் வயதிலேயே மூச்சு வாங்கியவர்கள் பெருகினார்கள். 1940இல் மைசூர் அரசு சிலிக்கோசிஸுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. அதையொட்டி நடந்த மருத்துவச் சோதனைகளில், பார்க்கப்பட்ட சுரங்கத் தொழிலாளிகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோயின் அடையாளம் இருந்தது. இந்தியாவில் இந்த நோய் முதலில் பெரிய அளவில் கண்டறியப்பட்டது நம் மக்களின் நெஞ்சில்தான். நோய்க்கு ஈடு கேட்க வேண்டுமென்றால் இத்தனை ஆண்டு நிலத்தடியில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். பேர் மாற்றி மாற்றி வேலை செய்தவன் எந்தப் பேரைக் காட்டுவான்? எந்தப் பதிவேட்டை எதிர்த்து அப்பன் வேலைநிறுத்தம் செய்தானோ, அதே பதிவேட்டில் தன் பெயரைத் தேட வேண்டிய நிலை மகனுக்கு வந்தது.

இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை. மாணவர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

சட்டத்துக்கு வருவோம். 1923இல் பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை 1 முதல் நடைமுறை. அதன் முதல் அட்டவணையைப் படித்தால் கசாப்புக் கடை விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். வலது கை முழங்கைக்கு மேலே போனால் 70 சதவீதம், இடது கை போனால் 60. கட்டை விரலுக்கு 25. பிற்காலத்தில் வலது, இடது வித்தியாசம் போனது. கட்டை விரல் 30 ஆனது. ஒரு கையில் மூன்று விரல் போனால் 30, நான்கும் போனால் 50 என்று வந்தது.

விலைப்பட்டியல் என்று கேலி செய்தாலும் அந்தச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. விபத்துக்கு எத்தனை நாள் முன்னால் வேலைக்குச் சேர்ந்தாய் என்று அது கேட்கவில்லை. வேலையின் போக்கில், வேலையின் காரணமாக அடிபட்டாயா என்று மட்டும் கேட்டது. முதல் நாள் காலையில் அடிபட்டாலும் உரிமை உண்டு.

நம் ஆட்களை வெளியே தள்ளியது வேறொரு வாசகம். தற்செயல் வேலை செய்பவன், முதலாளியின் தொழிலுக்காக அல்லாமல் வேறு வேலைக்கு வைக்கப்பட்டவன், இவன் தொழிலாளி அல்ல என்றது வரையறை. ஏரும் கலப்பையுமாக வயலில் நின்றவன் அட்டவணையிலேயே இல்லை. கூலியாள், பண்ணையாள், கிணறு வெட்டப் போனவன், வீட்டு வேலைக்குப் போனவள் என்று சாதி யாருக்கு எந்த வேலையை ஒதுக்கியதோ, அந்த வேலைகள் பெரும்பாலும் சட்டத்தின் கண்ணில் வேலையாகவே படவில்லை. தற்செயல் வேலை என்ற அந்த விலக்கு 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீங்கியது. 77 ஆண்டு!

ஆலைக்குள் போனவனுக்கும் முழு ஆலை திறக்கவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதாரைச் சேர்ப்பதில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சித் தறிநாடாவில் கோக்க வேண்டும், அந்த எச்சில் தீட்டு என்பது காரணம். கூலி அதிகம் கிடைக்கும் பிரிவு அதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் தொழிற்சங்கத் தலைவர்கள் முகத்துக்கு நேராகக் கேட்டார். பணி வரலாறு என்கிறார்களே, அதைச் சாதி எப்படி எழுதும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

*

1942 ஜூலையில் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர் ஆனார். 1946 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அரசியல் சட்டத்தை எழுதியவர் என்று மட்டும் அவரைத் தெரிந்துவைத்திருக்கும் இளைஞர்களுக்கு இந்த நான்கு ஆண்டுகளை நாம் இன்னும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. 1943இல் பேராசிரியர் பி.பி. அதார்கர் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கு ஒரு திட்டம் வகுக்க நியமிக்கப்பட்டார். 1944 ஆகஸ்ட்டில் அறிக்கை தந்தார். பஞ்சு, இயந்திரம், கனிமம் மற்றும் உலோகம் என்று மூன்று தொழில்களை மட்டும் எடுத்துக்கொண்ட சிறிய திட்டம் அது. பிறகு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலிருந்து ஸ்டாக், ரகுநாத ராவ் என்ற இருவர் வந்து பார்த்துவிட்டு, நோய், பேறுகாலம், வேலை விபத்து மூன்றையும் ஒன்றாகச் சேருங்கள், ஆண்டு முழுவதும் ஓடும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் விரியுங்கள் என்றார்கள்.

அம்பேத்கர் பதவியை விட்டபின், 1946 நவம்பரில் மசோதாவை மத்தியச் சட்டமன்றத்தில் வைத்தவர் இடைக்கால அரசின் தொழிலாளர் உறுப்பினர் ஜகஜீவன் ராம். 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. அரசியலில் எதிரெதிர்த் திசையில் நின்ற இரண்டு தலித்துகளின் கைவழியாக வந்த சட்டம் அது. அம்பேத்கரா ஜகஜீவன் ராமா என்று நாம் இன்னும் மேடைகளில் அடித்துக்கொள்கிறோம். அடித்துக்கொள்ளலாம், அதற்குக் காரணங்களும் உண்டு. இந்த ஒரு சட்டத்தில் ஒருவர் போட்ட கடைக்காலின் மேல் மற்றவர் சுவர் எழுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு தொடங்கிவைத்தார். கான்பூரிலும் டெல்லியிலும் முதலில். தமிழ்நாட்டில் 1955இல் கோயம்புத்தூரும் சென்னையும். ஓசூர் அப்போது கேழ்வரகுக்காடு.

சட்டத்துக்குள் இரண்டு கதவுகள் உண்டு. அண்ணனிடம் சொல்லப்பட்ட பொய் இந்த இரண்டையும் குழப்பிச் சொன்ன பொய் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் கதவு நோய்க்கானது. இங்கே பணி வரலாறு கேட்கப்படும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு சந்தாக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. ஒரு சந்தாக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா பிடித்திருந்தால், அதற்கேற்ற அடுத்த பலன் காலத்தில் உடம்பு முடியாத நாள்களுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய் என்றால் இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும் நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

இரண்டாவது கதவு வேலைக் காயத்துக்கானது. இங்கே நாள் கணக்கே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மணி நேரத்தில் அடிபட்டாலும் அவன் காப்பீட்டாளன். குணமாகும் வரை கூலியில் 90 சதவீதம். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழு சொல்லும் சதவீதப்படி ஆயுள் முழுக்க மாதாமாதம். முதலாளி சந்தாவே கட்டவில்லை என்றாலும் தொழிலாளியின் உரிமை சாகாது; கழகம் பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்கிறது 68ஆம் பிரிவு. 2003இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சந்தா எப்போது கட்டப்பட்டது என்பது பொருட்டல்ல, வேலையில் சேர்ந்ததிலிருந்தே அவன் காப்பீட்டுக்குள் இருக்கிறான்.

பதினோராம் நாள் போதும். பத்தாம் நாளும் போதும். முதல் நாளும்.

*

ஆனால் அந்தச் சட்டம் யாரை வெளியே விட்டது என்றும் பார்க்க வேண்டும். பருவகாலத் தொழிற்சாலைகளை விட்டது. சுரங்கங்களை விட்டது. கல் குவாரிகளும் சட்டத்தின் மொழியில் சுரங்கம்தான். ஆகவே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கிரானைட் குழிகளில் இறங்கியவர்களுக்கு அந்தச் சட்டத்தின் கீழ் இ.எஸ்.ஐ. இருக்கவில்லை, 1923ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும்தான் இருந்தது. வயலையும் வீட்டையும் தொடவே இல்லை. கட்டட வேலைத் தளங்களில் இருப்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. வந்தது 2015 ஆகஸ்ட் 1 முதல்தான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தந்திரம் அல்ல. அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பண்ணைத் தொழிலாளர்களும் வீட்டு வேலையாட்களும் விலக்கப்பட்டார்கள். கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இல்லை. வேலையின் பெயர் போதுமானதாக இருந்தது. 1950களில்தான் அவர்கள் படிப்படியாகச் சேர்க்கப்பட்டார்கள். 1956இல் அங்கே ஊனத்துக்கான காப்பீடு வந்தபோது அதுவும் வேலைக் காலத்தைக் கேட்டது. இன்றைக்கும் பொதுவிதி 40 பணிப் புள்ளி. அதில் 20 கடைசிப் பத்து ஆண்டுக்குள் சம்பாதித்ததாக இருக்க வேண்டும். தகப்பன் பருத்திக் காட்டில் நாற்பது ஆண்டு குனிந்திருந்தாலும் பதிவில்லையென்றால் புள்ளி பூஜ்யம். நம் சேரிக் கிழவருக்கும் அந்தக் கிழவருக்கும் மொழிதான் வேறு.

*

1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரில் சலுகை, பக்கத்திலேயே பெங்களூர், கடல்மட்டத்துக்கு மேலே குளிர்ந்த மேட்டு நிலம். 1980களுக்குள் லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் நின்றன; அவற்றைச் சுற்றி உதிரிபாகப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. நிரந்தர வேலை ஐ.டி.ஐ. படித்து வந்தவர்களுக்குப் போனது. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் பக்கத்து ஆதிதிராவிடர், அருந்ததியர், இருளர் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பட்டறையின் பின்வாசல்: காண்டிராக்ட், பிரஸ் ஷாப், லோடு ஏற்றும் வேலை, துப்புரவு.

78 என்ற எண்ணை இந்தப் பின்வாசலில் வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 1 அன்று ஒருவன் சேருகிறான். செப்டம்பர் 30 வரை ஒரு நாள்கூட விடாமல் வேலை பார்த்தாலும் 61 நாள். 78 வராது. அக்டோபரில் காண்டிராக்டர் அவனை நிறுத்திவிட்டு டிசம்பரில் வேறொரு பெயர்ப்பலகையின் கீழே எடுக்கிறான்; மறுபடி பொங்கலுக்கு ஊருக்குப் போனால் திரும்ப எடுப்பது பிப்ரவரியில். மாதம் 12,000 ரூபாய் என்றால் 0.75 சதவீதம், 90 ரூபாய், ஒவ்வொரு மாதமும் பிடிக்கப்பட்டிருக்கும். நோய்ப் பலன் ஒரு நாளைக்கும் கிடைக்காது. எல்லாக் காண்டிராக்டரும் திட்டமிட்டுச் செய்கிறான் என்று நாங்கள் சொல்லவில்லை. பலருக்கு விதியே தெரியாது. ஆனால் அந்த எண் மட்டும் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஆளை அனுப்பிவிட அது வசதியான எண்.

1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் அதன் விதிகளும் பணி அட்டை தரச் சொல்கின்றன. வேலை முடிந்து போகும்போது பணிச் சான்று தரச் சொல்கின்றன. 1979இன் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக்கே தரச் சொன்னது. அண்ணனின் பையில் அப்படி ஒன்றுகூட இல்லை. இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் காட்டுங்கள், நகல் எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

*

எல்லைக்கு அப்பால் கதை இன்னும் சிக்கல். நாட்றாம்பாளையத்துக் குடும்பங்கள் கேழ்வரகு அறுப்பு முடிந்ததும் பெங்களூருக்கு ஏறுகின்றன. வீடும் ரேஷன் கார்டும் இங்கே, உழைப்பு அங்கே. 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி நல வாரியத்தில் பதிய, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் வாரியம் அதற்கும் முன்பே, 1994இல் வந்துவிட்டது. அதில் நமக்குப் பெருமை உண்டு. கட்டடச் செலவில் பிடிக்கும் ஒரு சதவீத வரி மட்டும் கட்டடம் எங்கே எழுகிறதோ அந்த மாநில வாரியத்துக்குப் போகிறது. பெங்களூரில் பத்து மாடி தூக்கிய கையின் வரி கர்நாடக வாரியத்தில் விழும். அங்கே பதியப் போனால் 90 நாளுக்குச் சான்று யார் தருவார்? மேஸ்திரி போனை எடுப்பதில்லை. இங்கே வந்து பதியலாம் என்றால், நீ இங்கே எங்கே வேலை பார்த்தாய் என்ற கேள்வி.

சாரத்திலிருந்து விழுந்தவன் எந்த வாரியத்தின் ஆளும் அல்லாமல் ஊர் திரும்புகிறான். அவனுக்கு மிச்சமிருப்பது பழைய இழப்பீட்டுச் சட்டம். முன்பெல்லாம் விபத்து நடந்த ஊரின் ஆணையரிடம்தான் மனுப் போட வேண்டும். தண்டுவடம் ஒடிந்தவன் பெங்களூருக்கு வாய்தாவுக்கு அலைய முடியாமலே வழக்குகள் செத்தன. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் 21ஆம் பிரிவை மாற்றி, தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலேயே மனுப் போடலாம் என்றது. எல்லைப்புற மக்களுக்கு இதைவிடப் பெரிய திருத்தம் ஒன்று வந்ததில்லை. எத்தனை பேருக்குத் தெரியும்? வக்கீல்களிலேயே சிலர் எங்களிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். 12ஆம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள்: காண்டிராக்டர் ஓடிப்போனாலும் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளியே பொறுப்பு.

சம்பளப் பதிவு எப்படி விரலைவிடக் கூர்மையானது என்று ஒரு கணக்குப் போடுவோம். முப்பது வயதுக்காரர், உழைக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. சூத்திரம்: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், வயதுக்கான காரணி 207.98, அதில் 30 சதவீதம். சம்பளம் 15,000 என்று நிரூபித்தால் 5,61,546 ரூபாய். காண்டிராக்டர் தன் பதிவேட்டில் 8,000 என்று எழுதி ரேகை வாங்கியிருந்தால் 2,99,491. போன விரல்கள் அதே மூன்றுதான். கோலாரில் ரேகை வைக்க மாட்டோம் என்றவர்களுக்குத் தெரிந்தது நமக்கு மறந்துவிட்டது: என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் வைக்கிற ரேகை நம்முடையது அல்ல.

*

குவாரிக்காரர்களின் கதையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நிறைவடையாது. தொழில்நோய்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் தனியாக ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. அதன் ஒரு பகுதியிலுள்ள நோய்களுக்கு, ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும். சிலிக்கோசிஸ் போன்ற தூசி நோய்களை அடுத்த பகுதியில் வைத்து, பல முதலாளிகளிடம் வேலை செய்திருந்தால் அவரவர் பங்குக்கு ஈடு தர வேண்டும் என்கிறது. எழுத்தில் நியாயமானதுதான். ஜாக் ஹாம்மர் பிடித்துக் கல்லில் ஓட்டை போட்டவன் பதினைந்து ஆண்டில் எட்டுக் குவாரி மாறியிருப்பான். மூச்சு வாங்கத் தொடங்கும்போது அதில் ஐந்து மூடப்பட்டுத் தண்ணீர் நிற்கும். பங்கு பிரிக்க முதலாளியும் இல்லை, பதிவேடும் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் காசநோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

ராஜஸ்தானில் கல் உடைப்பவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2019இல் ஒரு கொள்கை வந்தது. தொழிலாளி தானே பதிவு செய்துகொள்ளலாம், மருத்துவக் குழு நோயை உறுதிசெய்தால் போதும், அரசு நிதியிலிருந்து உதவி. முதலாளி எழுதாத பணி வரலாற்றை நுரையீரலின் எக்ஸ்ரே சொல்லட்டும் என்று ஏற்றுக்கொண்ட கொள்கை அது. நடைமுறையில் குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் சான்று கொடுக்கும் அதிகாரத்தை முதலாளியின் கையிலிருந்து அது எடுத்துவிட்டது. தமிழ்நாட்டில் கல் உடைக்கும் மக்களுக்கு இப்படி ஒன்றை நாம் ஏன் இன்னும் உரத்துக் கேட்கவில்லை? இது மற்றவர்களைப் பார்த்துக் கேட்கும் கேள்வி அல்ல. நம் இயக்கங்களும் கிரானைட் ஊழல் பற்றிப் பேசிய அளவுக்குக் கிரானைட் தூசி பற்றிப் பேசவில்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பல பலன்களுக்கு 40 சதவீத ஊனம் வேண்டும். அண்ணனின் மூன்று விரல் தொழிலாளர் சட்ட அட்டவணையில் 30. உழைப்பின் கதவில் பதினோரு நாள் போதாது என்றார்கள். ஊனத்தின் கதவில் மூன்று விரல் போதாது என்றார்கள். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரிசாவைச் சேர்ந்த ஒரு தச்சரின் வழக்கில் சொன்னதை இங்கே நினைக்க வேண்டும். திரையரங்கில் அலங்கார வேலை செய்தபோது விழுந்து இடது கையை இழந்தவர் அவர். அட்டவணை சொன்னது நூற்றுக்குக் குறைவு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 சதவீதம் என்றது நீதிமன்றம். உடம்பின் சதவீதத்தைப் பார்க்காதே, அந்த மனிதன் செய்துவந்த வேலையைப் பார் என்ற தீர்ப்பு. பணி வரலாறு தொழிலாளியின் பக்கம் நின்று பேசிய அரிய தருணம் அது. பிரஸ் ஆபரேட்டருக்கு வலது கையின் மூன்று விரல் என்ன சதவீதம் என்று இந்தத் தீர்ப்பை வைத்து வாதாடலாம், வாதாட வேண்டும்.

2025 நவம்பர் 21 முதல் நாம் மேலே பேசிய சட்டங்கள் பெரும்பாலும் நான்கு தொகுப்புகளுக்குள் போய்விட்டன. மக்கள் வாயில் இருப்பது பழைய பெயர்கள் என்பதால் அவற்றிலேயே பேசினோம். புதிய தொகுப்பில் எல்லாத் தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று இருக்கிறது. பாஸ்புக்கும் அப்படித்தான் சட்டத்தில் இருந்தது.

*

ஆறு மாதமாக நம் மன்றத்துப் பிள்ளைகள் நாட்றாம்பாளையத்துத் தெருக்களில் ஒரு வேலை செய்துவருகிறார்கள். வீட்டுக்கொரு நாற்பது பக்க நோட்டு. யார் எந்த ஊரில், எந்த மேஸ்திரியிடம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன கூலிக்கு. போன்பேயில் கூலி வந்திருந்தால் அந்தத் திரையின் நகல். சைட்டில் பிள்ளைகள் எடுத்த செல்ஃபிகூட ஒட்டப்படுகிறது. பின்னால் கட்டடத்தின் பெயர்ப்பலகை தெரிந்தால் தேதியோடு அது ஒரு சாட்சி. பேருந்துப் பாஸ், கூட வேலை பார்த்த இருவரின் பெயர். பெண்களின் நோட்டில் நூறு நாள் வேலை அட்டையின் நகல் முதலில் வருகிறது. அவர்களின் உழைப்பை நாள் நாளாக எழுதிய முதல் அரசுக் காகிதம் அதுதான்.

இந்த நோட்டு யாரிடமும் ஒப்படைக்கப்படாது. வீட்டிலேயே இருக்கும். நகல் வேண்டுமா என்று கேட்டுத்தான் எடுப்போம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெருக்கூட்டத்தில் முதலில் சொன்னவர் ஒரு கிழவி. அவருடைய தாத்தா தங்கவயலில் இருந்தவராம்.

முதல் நோட்டை அண்ணனின் துணைவியார் எழுதினார். அவர் உயிரோடு இல்லையே, இனி எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் டைரிப் பக்கத்தின் பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, பேனாவால் நோட்டில் ஏற்றினார். ஐம்பத்திரண்டு கோடு. அதற்கு மேலே, பட்டறையில் சேர்ந்த தேதி, அடிபட்ட தேதி, நடுவில் பதினொன்று என்று எழுதியிருக்கிறார்.